மூன்று பதவிகள், ஒரு தீர்ப்பு: பாஸ்டன், 1854

எட்வர்ட் கிரீலி லோரிங் ஒரே நேரத்தில் மூன்று பதவிகளில் இருந்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீதிபதி, மத்திய அரசின் கமிஷனர், ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் விரிவுரையாளர். 1854 மே மாதக் கடைசியில் கமிஷனர் என்ற முறையில் அவர் ஒரு மனுவை விசாரித்தார். தப்பி வந்த ஒருவரை என் அடிமை, திருப்பித் தாருங்கள் என்று கேட்ட மனு அது. பத்து நாளில் விசாரணை முடிந்தது. அதன் விளைவாக அடுத்த நான்கு வருடத்துக்குள் மற்ற இரண்டு பதவிகளும் கையைவிட்டுப் போயின.

அடிமைமுறை தப்பு என்று இன்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெட்ட சட்டம் ஒன்றை நல்ல பெயருள்ள ஒரு நீதிபதி எப்படி நடைமுறைப்படுத்தினார், எந்தெந்த இடத்தில் அவருக்கு வேறு வழி இருந்தது, அவரைத் தண்டித்த விதம் சரியா என்பவைதான் இங்கே கேள்வி. பொதுப் பதவியிலும் பொது மேடையிலும் இருந்தவர்களை மட்டும் பெயரோடு குறிப்பிட்டிருக்கிறேன். பெயர் தவிர்க்க முடியாத இன்னொருவர் ஆண்டனி பர்ன்ஸ், ஏனென்றால் வழக்கே அவரைப் பற்றியது. மற்றவர்களை அவர்கள் செய்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

பின்னணி

லோரிங் 1802இல் பாஸ்டனில் பிறந்தார். 1821இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று வக்கீலானார். 1847இல் சஃபோக் கவுண்டியின் உயில், வாரிசு நீதிமன்றத்துக்கு நீதிபதியானார். கணவனை இழந்தவர்களும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வந்து நிற்கும் நீதிமன்றம் அது. சொத்துக்கு நிர்வாகி நியமிப்பது, மைனருக்குக் கார்டியன் நியமிப்பது போன்ற வேலைகள். 1852 முதல் ஹார்வர்டில் சட்டம் கற்பித்தார். இதோடு மத்திய சர்க்யூட் நீதிமன்றத்தின் கமிஷனராகவும் இருந்தார். பிரமாணப் பத்திரம் வாங்குவது, ஜாமீன் எடுப்பது என்று கமிஷனர் வேலை அதுவரை சின்ன வேலைதான்.

1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் அதைப் பெரிய வேலையாக்கியது. தெற்கு மாநிலத்திலிருந்து தப்பி வந்தவரை உரிமையாளர் பிடித்துக் கமிஷனர் முன் நிறுத்தலாம். ஜூரி கிடையாது. பிடிபட்டவரின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று சட்டமே சொன்னது. அவர் இன்னாருக்கு வேலை செய்யக் கடமைப்பட்ட ஆள் (அதாவது அடிமை), தப்பி ஓடினார் என்று உரிமையாளரின் மாநில நீதிமன்றத்தில் எழுதி வாங்கிய ஆவணம் இருந்தால், அந்த இரண்டு விஷயத்துக்கும் அதுவே முடிவான சான்று. மீதி இருப்பது ஒரே கேள்வி: ஆவணத்தில் சொல்லப்பட்டவர்தானா இங்கே நிற்பவர்? ஆம் என்று சான்றிதழ் கொடுத்தால் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர், இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். சான்றிதழ் எழுதும் வேலை அதிகம் என்பது அரசு சொன்ன காரணம். அதை நம்பியவர்கள் வடக்கில் குறைவு.

மாசசூசெட்ஸ் பக்கமும் ஒரு சட்டம் இருந்தது. தப்பியோடியவர்களைப் பற்றிய 1793ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளை மாநில நீதிபதிகள் தொடக் கூடாது, மாநிலச் சிறைகளை அதற்குத் தரக் கூடாது என்று 1843இலேயே மாநிலம் சட்டம் போட்டிருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் வாசகம் 1793 சட்டத்தைப் பெயர் சொல்லித் தடுத்தது. 1850 சட்டம் பழையதற்கான திருத்தமாகவே வந்தது என்றாலும், 1843இன் தடை அதற்கும் பொருந்துமா என்பதை யாரும் எழுதித் தீர்க்கவில்லை. மாநில நீதிபதியாகவும் மத்திய கமிஷனராகவும் இருந்த லோரிங்குக்கு அந்த இடைவெளியில் நிற்க இடம் கிடைத்தது.

பாஸ்டனுக்கு இது முதல் வழக்கும் அல்ல. 1851 பிப்ரவரியில் ஷாட்ராக் மின்கின்ஸ் என்பவரை நீதிமன்றத்துக்குள்ளேயே புகுந்து கூட்டம் மீட்டுக்கொண்டு போனது. ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் திருப்பி அனுப்பப்பட்டார். அப்போது மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, 1850 சட்டம் அரசியல் சாசனப்படி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். லோரிங் பிறகு முதுகு சாய்த்துக்கொண்டது அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

கைதும் முதல் அமர்வும்

ஆண்டனி பர்ன்ஸ் வர்ஜீனியாவில் 1834இல் அடிமையாகப் பிறந்தவர். ரிச்மண்டில் கூலிக்கு விடப்பட்டிருந்தார். அங்கிருந்து கப்பலில் ஒளிந்து பாஸ்டன் வந்து, ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் இருந்த சகோதரனுக்கு எழுதிய கடிதம் உரிமையாளர் கைக்குப் போனதில் இருக்குமிடம் தெரிந்துவிட்டது.

1854 மே 24 மாலை வேலை முடிந்து வரும் வழியில் அவரைப் பிடித்தார்கள். நகைக்கடைத் திருட்டு என்று பொய்க் காரணம் சொல்லித்தான் பிடித்தார்கள், தெருவில் கூட்டம் கூடிவிடக் கூடாது என்று. வாரண்டில் கையெழுத்திட்டவர் லோரிங். மாநிலச் சிறை கிடையாது என்பதால் நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடி அறையில் ஆயுதக் காவலில் வைத்தார்கள். அன்றிரவே உரிமையாளரும் அவருடைய ஆளும் அறைக்கு வந்து பேசினார்கள். அந்தச் சில நிமிடப் பேச்சு பின்னால் வழக்கையே தீர்மானித்தது.

மறுநாள் காலை உரிமை கோரியவரின் வக்கீல்கள் உடனே விசாரித்து முடிக்கச் சொன்னார்கள். தற்செயலாகச் செய்தி தெரிந்து வந்த வக்கீல் ரிச்சர்ட் ஹென்றி டேனா வாதாட முன்வந்தார். பர்ன்ஸ் தயங்கினார். எப்படியும் அடையாளம் சொல்லிக் கொண்டுபோய்விடுவார்கள், எதிர்த்தால் அங்கே போனபின் பாடு இன்னும் மோசமாகும் என்பது அவருடைய கணக்கு. அவருடைய நிலையில் அது புத்திசாலித்தனமான கணக்கும்கூட.

இந்த இடத்தில் லோரிங் நடந்துகொண்ட விதத்தைக் குறை சொல்ல முடியாது. அவர் பர்ன்ஸைப் பக்கத்தில் அழைத்து, எதிர்வாதம் செய்ய உரிமை உண்டு, நேரம் வேண்டுமென்றால் தரலாம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். பர்ன்ஸ் கொஞ்சம் யோசித்து, நேரம் வேண்டும் என்றார். சனிக்கிழமைக்கு வாய்தா போட்டார் லோரிங். அவசரப்படுத்திய தரப்புக்கு இணங்கியிருந்தால் அன்று மத்தியானமே எல்லாம் முடிந்திருக்கும். அன்றைக்கு அவர் காட்டிய பொறுமை டேனாவின் மனதில் நின்றது.

விசாரணைக்கு முன்பே சொன்ன கருத்து

அந்தப் பொறுமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. அடிமைமுறை எதிர்ப்பாளரும் வக்கீலுமான வெண்டல் ஃபிலிப்ஸ், பர்ன்ஸைப் பார்க்க அனுமதி கேட்டு லோரிங்கைத் தேடி கேம்பிரிட்ஜுக்குப் போனார். லோரிங் அனுமதி கொடுத்தார். கூடவே ஒரு கருத்தையும் சொன்னார்: வழக்கு தெளிவாக இருக்கிறது, அந்த ஆள் அநேகமாகத் திரும்பிப் போகத்தான் போகிறார், நீங்கள் அதற்குக் குறுக்கே தடை போடுவது நியாயமாகாது.

அப்போது பர்ன்ஸ் தரப்பின் ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறவில்லை. தெரிந்தவரிடம் சொன்ன யோசனையாக லோரிங் அதை நினைத்திருக்கலாம். பாஸ்டனின் மேல்தட்டுக் குடும்பங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனாலும் தீர்ப்புச் சொல்லப்போகிறவர், தீர்ப்பு இன்னது என்று ஒரு பக்கத்து ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பதவி நீக்க மனுக்களில் திரும்பத் திரும்ப வந்த குற்றச்சாட்டு இது.

வெள்ளி இரவு, சனி இரவு

மே 26 வெள்ளி இரவு ஃபேனுவில் ஹாலில் பெரிய கூட்டம். ஃபிலிப்ஸும் மதகுரு தியோடர் பார்க்கரும் பேசினார்கள். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, தாமஸ் வெண்ட்வொர்த் ஹிக்கின்சன் முன்னின்ற ஒரு குழு பெரிய மரக்கட்டையால் நீதிமன்றக் கதவை இடித்தது. உள்ளே காவலுக்கு நின்ற ஒருவர் இறந்தார். அவர் வண்டியோட்டிப் பிழைத்தவர், அந்த வேலைக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர். பர்ன்ஸை மீட்க முடியவில்லை. அதன் பிறகு மத்திய அரசின் ராணுவம் நகரத்துக்குள் வந்தது. எவ்வளவு செலவானாலும் சட்டம் நிறைவேற வேண்டும் என்று ஜனாதிபதி ஃபிராங்க்ளின் பியர்ஸ் தந்தி கொடுத்தார்.

சனிக்கிழமை விசாரணை திங்களுக்குத் தள்ளிப்போனது. அதே நாளில் சத்தமில்லாமல் இன்னொரு முயற்சி நடந்தது. பாஸ்டனின் கறுப்பினத் தேவாலயப் போதகர் லியோனார்ட் கிரைம்ஸ், பர்ன்ஸை விலை கொடுத்து வாங்கி விடுவிக்க 1,200 டாலர் திரட்டினார். உரிமையாளர் சம்மதித்திருந்தார். கிரயப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் யார் தெரியுமா? லோரிங்தான்.

நல்ல எண்ணத்தில்தான் எழுதினார் என்றே படுகிறது. வழக்கு இப்படி முடிந்தால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்திருப்பார். ஆனால் இந்த ஆள் இன்னாருக்குச் சொந்தமா என்பதுதான் அவர் முன் இருந்த வழக்கு. அதைத் தீர்மானிப்பதற்கு முன்பே, இன்னார் இவரை விற்கிறார் என்று சொல்லும் பத்திரத்தை நீதிபதியே வரைகிறார். உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு மனதுக்குள் விடை வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த விற்பனையும் நடக்கவில்லை. மத்திய அரசு வக்கீல் மறுப்புச் சொன்னார், பேச்சு இழுத்துக்கொண்டே போய் நள்ளிரவு தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது, இனி கையெழுத்து வேண்டாம், திங்கள் காலை வாருங்கள் என்றார்கள். திங்கள் காலை உரிமையாளர் மனம் மாறிவிட்டார்.

விசாரணையில் வந்த முரண்பாடு

வழக்கின் சாரம் இங்கேதான் இருக்கிறது. மே 29 முதல் 31 வரை விசாரணை. டேனாவும் சார்லஸ் எல்லிஸும் பர்ன்ஸுக்காக வாதாடினார்கள்.

உரிமையாளர் தரப்பில் இரண்டு சான்றுகள். ஒன்று வர்ஜீனியா நீதிமன்ற ஆவணம்: ஆண்டனி பர்ன்ஸ் என்பவர் இன்னாருக்கு அடிமை, 1854 மார்ச் 24 அன்று ரிச்மண்டிலிருந்து தப்பினார், அடையாளம் இன்னது. இன்னொன்று உரிமையாளருடைய ஆளின் சாட்சியம்: மார்ச் 20 அன்று பர்ன்ஸை ரிச்மண்டில் என் கண்ணால் பார்த்தேன், இங்கே நிற்பவர் அவர்தான்.

எதிர்த்தரப்பு வேறொரு கோணத்தில் அடித்தது. இங்கே நிற்பவரை மார்ச் முதல் தேதியிலிருந்தே பாஸ்டனில் பார்த்தோம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சாட்சி சொன்னார்கள். ஒரு கறுப்பினத் தொழிலாளி, மார்ச் ஆரம்பத்தில் ஒரு தொழிற்சாலையில் இவரோடு சேர்ந்து ஜன்னல் துடைத்ததாகச் சொன்னார். நகராட்சி உறுப்பினர் ஒருவரும் அதே தொழிற்சாலையில் இவரைப் பார்த்ததாகச் சொன்னார். மார்ச் ஆரம்பத்தில் பாஸ்டனில் இருந்தவர் மார்ச் 24இல் ரிச்மண்டிலிருந்து தப்பியிருக்க முடியாது. அப்படியென்றால் ஆவணத்தில் இருப்பவர் இவர் அல்ல.

லோரிங் என்ன செய்தார்? இரண்டு பக்கச் சாட்சியமும் முட்டிக்கொள்வதை ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்புச் சாட்சிகள் பொய்யர்கள் என்று தூக்கியெறியவில்லை. முட்டிக்கொள்ளும் சாட்சியத்தை ஓரமாக வைத்துவிட்டு, வேறொன்றைத் தேடினார். கைதான இரவு பர்ன்ஸ் பேசிய பேச்சு கைக்கு வந்தது. பர்ன்ஸ் உரிமையாளரை எஜமான் என்று அழைத்தாராம். உன்னை எப்போதாவது சாட்டையால் அடித்திருக்கிறேனா என்று கேட்டதற்கு இல்லை என்றாராம். பணம் கொடுத்ததில்லையா என்று கேட்டதற்கு, வருடத்துக்கு ஒருமுறை பன்னிரண்டரை சென்ட் கொடுத்தீர்கள் என்றாராம். இவ்வளவும் பர்ன்ஸே சொன்னவை, ஆகவே அடையாளம் உறுதி என்று முடிவு செய்தார்.

டேனா இதை முன்கூட்டியே எதிர்த்திருந்தார். இரவில், பொய்க் குற்றச்சாட்டில் பிடித்து, ஆயுதம் தாங்கியவர்கள் சுற்றி நிற்க வாங்கிய வார்த்தை அது. சட்டமே பிடிபட்டவரின் சாட்சியத்தைத் தடுக்கிறது என்பது அவர் வாதம். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்வதைத்தான் சட்டம் தடுக்கிறது, வெளியே ஒப்புக்கொண்டதைத் தடுக்கவில்லை என்பது லோரிங் எடுத்த நிலை. சொல்லின் அளவில் அது நிற்கும். நடைமுறையில், தனக்காகப் பேச வாய் திறக்க முடியாத ஒருவர் வாய்தவறிச் சொன்னது மட்டும் அவருக்கு எதிராக ஏறிவிட்டது. அதைச் சொன்ன சாட்சியும் உரிமையாளர் பக்கத்து ஆள். மார்ச் 20 என்று தேதி சொன்ன அதே ஆள். தேதி விஷயத்தில் அவரை முழுதாக நம்பாமல், பேச்சு விஷயத்தில் மட்டும் முழுதாக நம்பியது எப்படி என்று தீர்ப்பைப் படிக்கும் எவருக்கும் கேட்கத் தோன்றும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. நின்றவர் உண்மையிலேயே ஆண்டனி பர்ன்ஸ்தான். எதிர்த்தரப்புச் சாட்சிகள் சொன்னதும் உண்மைதான். விடுதலைக்குப் பிறகு பர்ன்ஸ் தன் கதையைச் சொன்னபோது, பிப்ரவரியிலேயே ரிச்மண்டை விட்டுக் கிளம்பியதாகச் சொன்னார். தப்பு வர்ஜீனியா ஆவணத்தின் தேதியில் இருந்தது. மார்ச் 24இல் தப்பிய பர்ன்ஸ் என்று ஒருவர் கிடையாது. ஆவணத்தை எழுத்துக்கு எழுத்து நம்பச் சொன்ன சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியிருந்தால், மனுவைத் தள்ளுபடி செய்திருக்க வேண்டும். கடுமையான சட்டத்துக்குள்ளேயே விடுவிக்க ஒரு வாசல் இருந்தது. அதற்குச் சட்டத்தை மீறவும் வேண்டியதில்லை.

தீர்ப்பும் அதன் காரணமும்

ஜூன் 2 காலை சான்றிதழ் வழங்கப்பட்டது. தீர்ப்பில் லோரிங் இரண்டு வாதங்களை வைத்தார். சட்டம் கொடியதா இல்லையா என்பது நாம் தீர்மானிக்க வேண்டியதல்ல. ஷா சொல்லிவிட்டார், அது கட்டுப்படுத்தும். இது முதலாவது.

இரண்டாவது வாதத்தைத்தான் நான் பலமுறை படித்தேன். இவ்வளவு கொடிய சட்டத்தை நல்லவர்கள் நிறைவேற்றக் கூடாது என்கிறார்களே, அப்படியானால் அது எந்தக் கைகளுக்குப் போகும், அதில் சிக்கிய துர்ப்பாக்கியசாலிகளுக்கு அப்போது என்ன பாதுகாப்பு இருக்கும் என்று கேட்டார். இதை எளிதில் ஒதுக்க முடியாது. மே 25 காலை அவர் கொடுத்த வாய்தா இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி. ஆனால் நல்லவர் அங்கே உட்கார்ந்திருப்பதன் பயன், சந்தேகம் வரும்போது அது பிடிபட்டவர் பக்கம் சாய்வதில்தானே இருக்கிறது? சந்தேகம் வந்தது, அதை அவரே எழுதினார், சாய்ந்தது மறுபக்கம்.

அன்று மத்தியானம் சுமார் 50,000 பேர் தெருக்களில் நிற்க, படைவீரர்களும் ஆயுதக் காவலர்களும் சூழ பர்ன்ஸைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றார்கள். கட்டடங்களில் கறுப்புத் துணி. ஸ்டேட் தெருவுக்குக் குறுக்கே சுதந்திரம் என்று எழுதிய சவப்பெட்டி ஒன்று தொங்கியது. பாஸ்டன் போலீஸ் கேப்டன் ஒருவர் அன்று காலை இந்த வேலைக்குத் துணைபோக மாட்டேன் என்று ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் நடந்தது

பர்ன்ஸ் ரிச்மண்டில் நான்கு மாதம் விலங்கோடு அடைபட்டுக் கிடந்தார். வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவருக்கு 905 டாலருக்கு விற்கப்பட்டார். கிரைம்ஸ் அவர் இருக்குமிடம் அறிந்து 1855 ஆரம்பத்தில் 1,300 டாலர் கொடுத்து மீட்டார். பர்ன்ஸ் ஓபர்லினில் படித்தார், கனடாவின் செயின்ட் கேதரின்ஸில் பாப்டிஸ்ட் போதகரானார், 1862 ஜூலையில் 28 வயதில் இறந்தார். அவருக்குப் பிறகு மாசசூசெட்ஸிலிருந்து வேறு யாரும் இந்தச் சட்டத்தின் கீழ் திருப்பி அனுப்பப்படவில்லை.

1854 ஜூலை 4 அன்று ஃபிராமிங்கமில் நடந்த கூட்டத்தில் வில்லியம் லாயிட் கேரிசன், தப்பியோடியவர்கள் சட்டத்தோடு லோரிங்கின் தீர்ப்பையும் தீயிலிட்டார். கடைசியாக அரசியல் சாசனத்தின் பிரதியையும் கொளுத்தினார்.

ஹார்வர்டில் லோரிங்கைத் தொடர வைக்கவே கல்லூரி நிர்வாகம் விரும்பியது. 1855 பிப்ரவரியில் மேற்பார்வையாளர் குழு அதை ஏற்க மறுத்தது. கற்பித்ததில் குறை இருந்ததாக அங்கே பேச்சில்லை. பர்ன்ஸ் வழக்குதான் காரணம். பிறகு அங்கே சட்டம் கற்பிக்க வந்தவர் எமரி வாஷ்பர்ன். 1854இல் பர்ன்ஸ் அனுப்பப்பட்டபோது மாநில ஆளுநராக இருந்தவர் அவர்தான் என்பது தனிக் கதை.

பதவி நீக்கம்

மாசசூசெட்ஸ் சாசனப்படி ஒரு நீதிபதியை நீக்க இரண்டு வழி. குற்றம் சாட்டி விசாரித்து நீக்குவது ஒன்று. சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநரிடம் வேண்டுகோள் வைப்பது இன்னொன்று. இரண்டாவது வழியில் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. லோரிங்குக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுக்கள் இந்த வழியைக் கேட்டன. பெண்களும் பெரும் எண்ணிக்கையில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

சட்டமன்றக் குழுவின் முன் 1855இல் ஃபிலிப்ஸ் நீக்க வேண்டும் என்று வாதாடினார். நீக்கக் கூடாது என்று வந்து பேசியவர்களில் டேனாவும் ஒருவர்! பர்ன்ஸுக்காகக் காசு வாங்காமல் வாதாடித் தோற்றவர், தீர்ப்பு வந்த அன்று இரவு தெருவில் அடிவாங்கியவர். தீர்ப்பு தப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் லஞ்சமோ கெட்ட எண்ணமோ நிரூபிக்கப்படாத நிலையில், மக்களுக்குப் பிடிக்காத தீர்ப்புக்காக ஒரு நீதிபதியை நீக்கினால், அடுத்த முறை வேறொரு கூட்டம் வேறொரு நீதிபதியை அதே வழியில் நீக்கும் என்பது அவர் பயம்.

இரு அவைகளும் வேண்டுகோளை நிறைவேற்றின. ஆளுநர் ஹென்றி கார்ட்னர் ஏற்கவில்லை. அதே வருடம் மே மாதம் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, ஒரு புதிய தனிநபர் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. தப்பியோடியவர்கள் வழக்கில் சான்றிதழ் தரும் மத்திய பதவியில் இருப்பவர் மாநில நீதிபதியாக இருக்க முடியாது என்று அதில் ஒரு பிரிவு. இரண்டில் ஒன்றை விடுங்கள் என்பது அதன் பொருள். லோரிங் எதையும் விடவில்லை. மூன்று வருடம் இரண்டிலும் உட்கார்ந்திருந்தார்.

1858இல் புதிய ஆளுநர் நத்தானியல் பேங்க்ஸ் வந்தார். சட்டமன்றத்தில் ஜான் ஆண்ட்ரூ நீக்கத்துக்காகவும், கேலப் குஷிங் எதிராகவும் வாதாடினார்கள். வேண்டுகோள் மறுபடி போனது. மார்ச்சில் பேங்க்ஸ் லோரிங்கை நீக்கினார். அவர் காரணமாகக் காட்டியது 1854 தீர்ப்பை அல்ல, 1855 சட்டத்தை மதிக்காமல் இரண்டு பதவி வைத்திருந்ததை.

சில வாரங்களில் ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானன் அவரை வாஷிங்டனில் மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நியமித்தார். உள்நாட்டுப் போர் வந்தது, அடிமைமுறை ஒழிந்தது, லோரிங் அதே இருக்கையில் 1877 வரை இருந்து ஓய்வு பெற்றார். 1890இல் இறந்தார்.

எது மாறியிருக்கலாம்

முதலில் கமிஷனர் பதவி. 1850 செப்டம்பரில் சட்டம் வந்தபோதே அதை விட்டிருக்கலாம். நீதிபதி வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் அது தேவைப்படவில்லை. நல்லவர் விலகினால் கெட்டவர் வருவார் என்ற அவர் வாதத்தை ஒரு பேச்சுக்கு ஏற்றாலும், வாரிசு நீதிமன்றத்தில் அநாதைகளுக்குக் கார்டியன் நியமிக்கிறவரே அந்த நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டாவது, ஃபிலிப்ஸிடம் சொன்ன கருத்தும் கிரயப் பத்திரமும். இரண்டையும் தவிர்த்திருந்தால், தீர்ப்பு அதேதான் வந்திருந்தாலும், நீக்கக் கேட்டவர்கள் கையில் இருந்திருக்கும் சரக்கு பாதியாகக் குறைந்திருக்கும். பத்திரத்தை ஒரு சாதாரண வக்கீல் எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்த வக்கீலுக்குப் பாஸ்டனில் பஞ்சமில்லை.

மூன்றாவது, தேதி முரண்பாடு. என் கணிப்பில் அவருடைய பெரிய தவறு இதுதான், மற்றவையெல்லாம் இதற்குப் பின்னால். சட்டம் கொடியது என்பதால் அவரை மன்னிக்கிறவர்களும், சட்டம் கொடியது என்பதால் அவரைச் சபிக்கிறவர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் முன் இருந்த ஒரே கேள்வி அடையாளம். அதில் நியாயமான சந்தேகம் இருந்தது. மனுவைத் தள்ளியிருந்தால் சட்டத்தை மீறினார் என்று தெற்கு கத்தியிருக்கும், ஆனால் தீர்ப்பின் எந்த வரியையும் தப்பென்று காட்டியிருக்க முடியாது.

நான்காவது, சட்டமன்றத்தின் பக்கம். 1843 சட்டத்தின் வாசகத்தை 1850இலேயே திருத்தி, இரண்டு பதவியும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று அப்போதே எழுதியிருந்தால், லோரிங் முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருப்பார். நடந்தது வேறு: முதலில் கோபம், பிறகு வேண்டுகோள், அது பலிக்காதபின் சட்டம், அந்தச் சட்டத்தைப் பிடித்து நீக்கம். 1858இன் நீக்கத்துக்குச் சரியான சட்டக் காரணம் இருந்தது. அது 1855இல் தேடிச் செய்த காரணம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டேனாவின் பயம் முழுதாகத் தீராமல் போனது இதனால்தான். ஆனாலும் மூன்று வருடம் ஒரு சட்டம் அமலில் இருக்க, ஒரு நீதிபதி அதை மதிக்காமல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு டேனாவின் வாதத்தில் பதில் இல்லை. கொடிய சட்டமானாலும் சட்டம்தான் என்று பர்ன்ஸ் வழக்கில் சொன்னவர் அந்த நீதிபதி.